செல்லாத ஓட்டுகளின் வழியே: புளோரிடாவில் ஆறு நாட்கள்

முதல் நாள்: மயாமி

முப்பத்து மூன்று ஆண்டுகள் பள்ளி ஆசிரியராக இருந்தவன் என்பதால், தேர்தல் என்றதும் எனக்கு நினைவுக்கு வருபவை அரக்கு, நூல், அழியாத மை, படிவக் கட்டு, இரவு பதினொரு மணிக்கு மேல் வாக்குப்பெட்டியோடு லாரிக்காகக் காத்திருந்த பள்ளிக்கூட வாசல் ஆகியவைதான். மின்னணு இயந்திரம் வருவதற்கு முன்பு மூன்று முறை வாக்கு எண்ணும் மேசையிலும் உட்கார்ந்திருக்கிறேன். ஆகவே, பிரவர்ட் கவுண்டியில் (கவுண்டி என்றால் நம் மாவட்டம் போல) குடியிருக்கும் மகள் ஒரு வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு எங்கே போகலாம் என்று கேட்டபோது, 2000ஆம் ஆண்டு அதிபர் தேர்தலில் பெயர் அடிபட்ட ஊர்களை எல்லாம் தெற்கிலிருந்து வடக்காகப் பார்த்துவிட வேண்டும் என்றேன். "அங்கே பார்க்க என்னப்பா இருக்கிறது, எல்லாம் ஆபீஸ் கட்டடம்தானே" என்றாள். பேரப்பிள்ளைகளை மருமகனிடம் விட்டுவிட்டு இருவரும் இன்று காலை புறப்பட்டோம்.

அந்தத் தேர்தலின் கணக்கை முதலில் எழுதி வைத்துவிடுகிறேன். 2000 நவம்பர் 7 அன்று நடந்த வாக்குப்பதிவில், புளோரிடா மாநிலம் குடியரசுக் கட்சியின் ஜார்ஜ் டபிள்யூ புஷ்ஷுக்கு 29,12,790 வாக்குகளும் ஜனநாயகக் கட்சியின் அல் கோருக்கு 29,12,253 வாக்குகளும் அளித்ததாக இறுதியில் சான்றளிக்கப்பட்டது. வித்தியாசம் 537. மாநிலத்தின் சார்பில் அதிபரைத் தேர்ந்தெடுக்கும் 25 தேர்வாளர்களும் அந்த 537ஐப் பற்றிக்கொண்டு புஷ் பக்கம் போனார்கள். வெள்ளை மாளிகையும் போயிற்று. நாடு முழுவதும் விழுந்த வாக்குகளைக் கூட்டினால் கோர்தான் ஐந்து லட்சத்து நாற்பதாயிரத்துக்கும் மேல் முன்னால் நின்றார் என்றாலும், அங்கே மாநிலவாரியாகத் தேர்வாளர்களைக் கணக்கிடுவதே முறை என்பதால் அது பயன்படவில்லை. 2016இல் ராதாபுரம் தொகுதி 49 ஓட்டில் முடிந்து, தபால் ஓட்டுகளை மறுபடி எண்ணுவதற்கு நீதிமன்றம்வரை போன கதையை நாம் அறிவோம். ஆனால் அது ஒரு சட்டமன்றத் தொகுதி. இங்கே ஏறத்தாழ அறுபது லட்சம் பேர் வாக்களித்த ஒரு மாநிலம்.

நகரின் நடுவே உள்ள ஸ்டீபன் பி. கிளார்க் அரசு மையத்துக்கு மேம்பால ரயிலில் போய் இறங்கினோம். வித்தியாசம் மிகக் குறைவு என்பதால் கோர் தரப்பு கேட்ட மறு எண்ணிக்கை, மயாமி-டேட் கவுண்டியைப் பொறுத்தவரை இந்தக் கட்டடத்தில்தான் நடந்தது. இயந்திரம் அதிபர் பதவிக்கு வாக்கு எதுவும் இல்லை என்று ஒதுக்கிய சுமார் 10,750 அட்டைகளைக் கையால் பார்ப்பதென்று நவம்பர் 22 அன்று கவுண்டியின் வாக்கு எண்ணும் குழு முடிவு செய்து, இடவசதிக்காக உள்ளறைக்கு மாறியது. வெளியே குடியரசுக் கட்சியினர் கதவைத் தட்டிக் கூச்சலிட்டார்கள். அவர்களில் பலர் உள்ளூர்க்காரர்கள் அல்லர். வாஷிங்டனிலிருந்து வந்திருந்த கட்சி அலுவலக ஊழியர்கள். கோட்டும் டையுமாக நின்ற அந்தக் கூட்டத்துக்கு ஒரு விலையுயர்ந்த ஆடைக் கடையின் பெயரையே பத்திரிகைகள் சூட்டின. நவம்பர் 26 கெடுவுக்குள் முடிக்க நேரமில்லை என்று சொல்லி, குழு அன்றே எண்ணிக்கையைக் கைவிட்டது. இன்று கீழ்த்தளத்தில் வரி கட்டவும் அனுமதிச் சீட்டு வாங்கவும் வந்தவர்கள் எண் அழைக்கப்படுவதற்காக உட்கார்ந்திருந்தார்கள். காவலர் எங்களை மின்தூக்கி வரைகூட விடவில்லை.

மாலையில் லிட்டில் ஹவானாவில், கடையின் சன்னல் வழியே தரும் கியூபக் காப்பியைக் குடித்தோம். நம் ஊர் டிகாக்‌ஷனில் பாதி அளவு, இனிப்பு இரண்டு மடங்கு. எலியான் கொன்சாலஸ் என்ற ஆறு வயதுச் சிறுவனை 2000 ஏப்ரலில் மத்திய அரசின் ஆயுதம் தாங்கிய அதிகாரிகள் விடியற்காலையில் புகுந்து மீட்டுச் சென்ற வீடு இந்தப் பகுதியில்தான் இருக்கிறது. சிறுவனைக் கியூபாவிலிருந்து வந்திருந்த தந்தையிடம் சேர்த்தது கிளின்டன் அரசு. அந்தக் கோபத்தை நவம்பரில் தாங்கியவர் துணை அதிபராக இருந்த கோர். தண்டனை ஓட்டு என்று கியூப வம்சாவளியினர் அதற்கு ஸ்பானிய மொழியில் பெயர் வைத்திருந்தார்கள். 537 என்ற எண்ணுக்கு முன்னால் எந்தக் காரணத்தை நிறுத்தினாலும் அது பெரிதாகத்தான் தெரியும்: பசுமைக் கட்சியின் ரால்ஃப் நாடர் மட்டும் இந்த மாநிலத்தில் 97,488 வாக்குகள் பெற்றார். அதனால் காரணங்களைத் தேடுவதை விட்டுவிட்டு, நான் அறிந்த தொழிலையே, அதாவது சீட்டையும் பெட்டியையும் எண்ணுபவர்களையும், பார்த்துக்கொண்டு போவது என்று இன்றிரவு முடிவு செய்திருக்கிறேன்.

இரண்டாம் நாள்: வெஸ்ட் பாம் பீச்

இன்றைய நாள் முழுவதும் ஒரு பெட்டியோடு கழிந்தது.

மகளோடு பணிபுரியும் ஒருவரின் தாயார் பாம் பீச் கவுண்டியில், முதியோர் மட்டுமே வசிக்கும் அடுக்குமாடி வளாகம் ஒன்றில் இருக்கிறார். எண்பத்தேழு வயது, நியூயார்க்கில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்று இங்கே வந்தவர். 2000இல் இங்கே பயன்பட்ட வாக்குக் கருவிகள் பின்னாளில் நினைவுப் பொருளாக விலைக்கு வந்தபோது, மறைந்த அவர் கணவர் ஒன்றை வாங்கி வைத்திருக்கிறார். சிறிய சூட்கேஸ் போல இருக்கும் அதைத் திறந்து கால்களைப் பொருத்தினால், இருபுறமும் மறைப்புள்ள மேசையாகிவிடுகிறது. நடுவில் ஒரு சிறு புத்தகம், அதன் முதுகெலும்பு நெடுகத் துளைகள், சங்கிலியில் தொங்கும் ஓர் ஊசி. வாக்காளர் தம் அட்டையை மேலிருந்து செருகி, அட்டையின் தலையில் உள்ள இரண்டு துளைகளும் கருவியின் இரண்டு குமிழ்களில் சரியாக உட்காரும்படி வைக்க வேண்டும். அட்டையில் பெயரோ சின்னமோ கிடையாது. எண்களும், வெட்டியும் வெட்டாமலும் விட்ட சின்னஞ்சிறு செவ்வகங்களும் மட்டுமே உண்டு. பெயர்கள் புத்தகத்தில் இருக்கின்றன. அட்டையை வெளியே எடுத்துவிட்டால், தாம் யாருக்கு வாக்களித்தோம் என்பதைப் போட்டவரே படிக்க முடியாது. உதயசூரியனையும் இரட்டை இலையையும் பார்த்து முத்திரை குத்திய நம் கிராமத்துப் பாட்டிகளுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடைத்திருந்தது என்று அப்போது தோன்றியது.

அந்த அம்மையார் புத்தகத்தை விரித்துக் காட்டினார். பத்துப் பேர் போட்டியிட்டதால், எல்லாரையும் ஒரே பக்கத்தில் அடக்கினால் எழுத்து சிறுத்துவிடும், முதியோர் படிக்கச் சிரமப்படுவார்கள் என்று கருதி, கவுண்டியின் தேர்தல் மேற்பார்வையாளர் தெரசா லெபோர் பெயர்களை எதிரெதிரான இரண்டு பக்கங்களில் பிரித்துப் போட்டார். இரண்டு பக்கத்தின் அம்புக்குறிகளும் நடுவில் உள்ள ஒரே துளை வரிசைக்குப் போகின்றன; வண்ணத்துப்பூச்சி வாக்குச்சீட்டு என்று பெயர் வந்தது அதனால்தான். இடப்பக்கத்தில் முதல் பெயர் புஷ், அவருக்கு முதல் துளை. இடப்பக்கத்தில் இரண்டாவது பெயர் கோர், ஆனால் அவருக்கு மூன்றாவது துளை. ஏனென்றால் வலப்பக்கத்தின் முதல் பெயரான சீர்திருத்தக் கட்சியின் பாட் புக்கானன் இரண்டாவது துளையை எடுத்துக்கொண்டார். நான் ஊசியை எடுத்து, இடப்பக்கத்தை மட்டும் பார்த்துக்கொண்டு, இரண்டாவது பெயருக்கு நேராகக் கையை நகர்த்தினேன். கை தானாகவே புக்கானனின் துளையில் போய் நின்றது. விஷயம் தெரிந்து வந்தவனுக்கே இப்படி.

யூதர்கள் பெருமளவில் வாழும் இந்தக் கவுண்டியில், பெரிய கட்சி ஒன்றின் சார்பில் துணை அதிபர் பதவிக்கு முதன்முறையாக ஒரு யூதர், ஜோ லீபர்மன், கோரோடு நின்ற தேர்தல் அது. யூதர்களிடம் நற்பெயர் இல்லாத புக்கானனுக்கு இங்கே 3,400க்கும் மேல் வாக்குகள் விழுந்திருந்தன. அவற்றில் பெரும்பாலானவை தமக்கு விழுந்தவை அல்ல என்று அவரே தொலைக்காட்சியில் ஒப்புக்கொண்டார். தவறாகக் குத்திவிட்டோம் என்று உணர்ந்து சரியான துளையையும் குத்தியவர்கள் இன்னும் பெரிய இழப்பைத் தேடிக்கொண்டார்கள். ஒன்றுக்கு மேல் துளையிடப்பட்டதால் தள்ளப்பட்ட அட்டைகள் இந்த ஒரு கவுண்டியில் மட்டும் 19,000க்கும் அதிகம். அவற்றுள் கோர், புக்கானன் இருவர் துளையும் குத்தியிருந்தவை ஐந்தாயிரத்துக்கும் மேல். "வாக்குச்சாவடியிலிருந்து வீட்டுக்கு வந்து செய்தி பார்த்த பிறகுதான் எனக்குச் சந்தேகமே வந்தது, என் கணவர் சாகும்வரை என்னை அதற்காகக் கேலி செய்தார்" என்று அம்மையார் சொல்லிவிட்டு, எங்களுக்குத் தேநீர் போட எழுந்து போனார்.

லெபோர் அப்போது கோரின் கட்சியைச் சேர்ந்தவராகவே பதிவு செய்திருந்தார் என்பதைச் சதி தேடுவோர் எளிதில் மறந்துவிடுகிறார்கள். மாதிரிச் சீட்டு முன்கூட்டியே எல்லாரிடமும் போயிருந்தது; இரு கட்சியினரும் பார்த்துவிட்டுச் சும்மா இருந்தார்கள். முதியோர் நலனுக்காகச் செய்த மாற்றம் முதியோரின் வாக்கையே தின்றது. 2004இல் மக்கள் அவரைப் பதவியிலிருந்து இறக்கினார்கள். இந்த நாட்டின் பல இடங்களில் தேர்தல் அதிகாரியும் தேர்தலில் நின்றுதான் வர வேண்டும் என்பது எனக்கு இன்னும் பழகவில்லை.

அம்மையார் என்னிடம் வெற்று அட்டை ஒன்றையும் கொடுத்தார். ஊசியைச் சாய்த்துப் பிடித்தால் செவ்வகத் துணுக்கு முழுதாக உதிர்வதில்லை. ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டு தொங்கினால் ஒரு பெயர், இரண்டு மூலையில் ஆடினால் ஒரு பெயர், நான்கு மூலையும் பற்றிக்கொண்டு நடுவில் மட்டும் புடைத்திருந்தால் அதற்குக் 'கர்ப்பிணித் துணுக்கு' என்று பெயர். பிரவர்ட் கவுண்டியின் நீதிபதி ஒருவர் கண்ணாடிக்கு மேல் கண்ணை உருட்டி ஓர் அட்டையைத் தூக்கிப் பார்க்கும் புகைப்படம் உலகெங்கும் போயிற்று. பார்த்தவர்கள் சிரித்தார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை. முத்திரையின் ஈரம் காயுமுன் மடித்ததால் எதிர்ப்பக்கத்தில் விழுந்த மறுபதிப்பை இரண்டாவது ஓட்டாகக் கொள்ளக் கூடாது, முத்திரை இரு சின்னங்களின் கட்டத்திலும் விழுந்திருந்தால் ஓட்டு செல்லாது, முத்திரைக்குப் பதில் கைரேகை வைத்திருந்தால் செல்லாது என்றெல்லாம் பயிற்சி வகுப்பில் மனப்பாடம் செய்தவன் நான். ஆனால் எங்கள் கையில் ஒரே விதி இருந்தது. கன்னியாகுமரியிலும் காஷ்மீரிலும் அதே விதி. இங்கேயோ "வாக்காளரின் எண்ணம்" தெரிந்தால் போதும் என்று மட்டும் மாநிலச் சட்டம் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொண்டது. அந்த எண்ணத்தைப் பிரவர்டில் புடைப்பிலும் கண்டார்கள். பாம் பீச்சில் கண்டிப்பாக இருந்தார்கள். அந்தக் கண்டிப்பின் காரணமாகவோ என்னவோ, நவம்பர் 26 மாலை ஐந்து மணிக் கெடுவைப் பாம் பீச் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் தவறவிட்டது. மாநிலச் செயலர் காதரீன் ஹாரிஸ் அந்தக் கணக்கை ஏற்காமலேயே 537 என்று கையெழுத்திட்டார். அவர் புஷ்ஷின் பிரசாரக் குழுவுக்கு மாநில இணைத் தலைவர். மாநில ஆளுநர் ஜெப் புஷ் வேட்பாளரின் தம்பி.

மூன்றாம் நாள்: டிலேண்ட்

நெடுஞ்சாலையில் மூன்று மணி நேரம். மழை விட்டுவிட்டுப் பெய்தது. வலூஷியா கவுண்டியின் தலைமையிடமான இந்த ஊருக்குக் கதையில் ஒரே ஓர் எண்தான் பங்கு: கழித்தல் 16,022. சில நூறு வாக்காளர்களே உள்ள ஒரு வாக்குச்சாவடியிலிருந்து வந்த நினைவக அட்டையின் கோளாறால், அன்றிரவு கோரின் கணக்கிலிருந்து பதினாறாயிரத்துச் சொச்சம் வாக்குகள் கழிக்கப்பட்டன. ஓட்டு குறையக்கூடும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், பூச்சியத்துக்குக் கீழே போகும் என்று கேட்டதில்லை. கோளாறு கண்டுபிடிக்கப்பட்டுத் திருத்தப்பட்டது. ஆனால் அதற்குள் நள்ளிரவு தாண்டி இரண்டேகால் மணியளவில் தொலைக்காட்சிகள் புஷ் வென்றார் என்று அறிவித்ததில் அந்தத் தவறான கூட்டலுக்கும் பங்கிருந்தது. கோர் புஷ்ஷைத் தொலைபேசியில் அழைத்துத் தோல்வியை ஒப்புக்கொண்டு, நாஷ்வில்லில் மழையில் காத்திருந்த ஆதரவாளர்களிடம் பேசப் புறப்பட்டார். வழியில் வித்தியாசம் சுருங்கும் தகவல் எட்டியதும் மறுபடி அழைத்து, சொன்னதைத் திரும்பப் பெற்றார்.

கவுண்டி நீதிமன்றத்தின் செம்பு நிறக் குவிமாடத்தைப் பார்த்துவிட்டு மதிய உணவுக்குப் பின் கிளம்பிவிட்டோம்.

நான்காம் நாள்: ஜாக்சன்வில்

கோர் கையால் எண்ணக் கோரிய கவுண்டிகள் நான்கு: பாம் பீச், பிரவர்ட், மயாமி-டேட், வலூஷியா. நேற்றோடு அந்த நான்கின் எல்லையையும் கடந்துவிட்டோம். தொலைக்காட்சி வண்டிகள் வராத இடங்கள் இங்கிருந்து தொடங்குகின்றன.

டுவால் கவுண்டியில் அதிபர் வேட்பாளர்களின் பெயர்கள் அடுத்தடுத்த இரண்டு பக்கங்களில் அச்சாகியிருந்தன. முதல் பக்கத்தில் ஐந்து பேர், புரட்டினால் இன்னும் ஐந்து பேர். ஆனால் முன்னதாக வெளியிடப்பட்ட மாதிரிச் சீட்டின் அறிவுரையோ எல்லாப் பக்கத்திலும் வாக்களிக்கும்படி சொல்லியிருந்தது. சொன்னபடி செய்தவர்களின் வாக்கு செல்லாமல் போயிற்று. 1996இல் மொடக்குறிச்சியில் 1,033 பேர் போட்டியிட்டு, வாக்குச்சீட்டே புத்தகமாக அச்சான கதை எனக்கு நினைவு வந்தது. அங்கே புத்தகம் என்பது ஊரறிந்த அதிசயமாக இருந்ததால் எல்லாரும் எச்சரிக்கையாக இருந்தார்கள். இங்கே ஒரே ஒரு தாள் புரண்டதை யாரும் பொருட்படுத்தவில்லை.

ஒன்றுக்கு மேல் துளையிட்டதாகத் தள்ளப்பட்டவை டுவாலில் 20,000க்கும் மேல். அவற்றில் பெரும்பகுதி நகரின் வடமேற்குப் பக்கத்தில், கறுப்பின மக்கள் வாழும் வட்டாரங்களிலிருந்து வந்தவை. அந்த வட்டாரங்களில் கோர் நூற்றுக்குத் தொண்ணூறு வாக்கு பெற்றார். முதல் முறை வாக்களிக்க வந்தவர்களை எல்லாம் தேவாலயங்களும் சங்கங்களும் வண்டி வைத்து அழைத்து வந்த ஆண்டு அது. கையெண்ணிக்கை கேட்பதற்கு இருந்த 72 மணி நேரக் கெடு முடிந்த பிறகுதான் எண்ணிக்கையின் அளவு வெளியே தெரிந்தது என்கிறார்கள். இதைத் தவிர, குற்றத் தண்டனை பெற்றவர்களுக்கு வாக்குரிமை இல்லை என்ற மாநிலச் சட்டத்தை வைத்து, பெயரும் பிறந்த தேதியும் ஏறக்குறைய ஒத்திருந்தாலே போதும் என்று தயாரித்த நீக்கப் பட்டியல் ஒன்று கவுண்டிகளுக்கு அனுப்பப்பட்டிருந்தது. எந்தக் குற்றமும் செய்யாதவர்கள் சாவடிக்கு வந்து, தம் பெயர் இல்லை என்று கேட்டுத் திரும்பினார்கள்.

அந்தப் பகுதியில் உள்ள தேவாலயம் ஒன்றின் வாசலில் முதியவர் ஒருவர் இலைகளைப் பெருக்கிக்கொண்டிருந்தார். மகள் போய்ப் பேச்சுக் கொடுத்தாள். 2000இல் தாம் இரண்டு பக்கத்திலும் குத்தியதாக அவர் வெளிப்படையாகச் சொன்னார். மாதங்கள் கழித்துச் செய்தித்தாளில் படித்தபோதுதான் தமக்கே தெரிந்ததாம். பிறகு, நீங்கள் எங்கிருந்து வருகிறீர்கள், உங்கள் ஊரில் எப்படி என்று என்னைக் கேட்டார். பெயருக்குப் பக்கத்தில் படம் இருக்கும், பொத்தானை அழுத்தினால் விளக்கு எரிந்து சத்தம் கேட்கும் என்றேன். "படமா?" என்று கேட்டுவிட்டு, மறுபடி விளக்குமாற்றை எடுத்துக்கொண்டார்.

ஐந்தாம் நாள்: டல்லஹாசி

மேற்கே இரண்டரை மணி நேரம். பைன் மரங்களைத் தவிர வழியில் ஒன்றுமில்லை. 2000 நவம்பர் 30 அன்று, பாம் பீச்சின் நான்கரை லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குச்சீட்டுகளை ஏற்றிய மஞ்சள் நிற வாடகை லாரி ஒன்று மாநிலத்தின் தெற்கிலிருந்து மாநிலத் தலைநகரான இந்த ஊருக்கு வந்தது. தலைக்கு மேலே ஹெலிகாப்டர்கள் பறந்து பறந்து அதை நேரலையில் காட்டின. இத்தனை மரியாதையோடு வந்த பெட்டிகளை, 537 என்ற சான்றளிப்பை எதிர்த்துக் கோர் தொடுத்த வழக்கை விசாரித்த வட்ட நீதிபதி சாண்டர்ஸ் சால்ஸ் திறந்தே பார்க்கவில்லை. டிசம்பர் 4 அன்று கோரின் மனுவைத் தள்ளிவிட்டார்.

பழைய தலைமைச் செயலகம் சிவப்பு வெள்ளைப் பட்டை போட்ட சன்னல் மறைப்புகளோடு மிட்டாய்க் கடை போல நிற்கிறது. அதன் முதுகுக்குப் பின்னால் 22 மாடிப் புதிய கட்டடம். அங்கிருந்து சில நிமிட நடையில் மாநில உச்ச நீதிமன்றம். அதன் படிக்கட்டில்தான் செய்தித் தொடர்பாளர் கிரெய்க் வாட்டர்ஸ் வந்து நின்று தீர்ப்புகளை அறிவித்தார். டிசம்பர் 8 அன்று நான்குக்கு மூன்று என்ற பெரும்பான்மையில், இயந்திரம் வாக்கே இல்லை என்று ஒதுக்கிய சீட்டுகளை மாநிலம் முழுவதும் கையால் எண்ண வேண்டும் என்று அந்த நீதிமன்றம் ஆணையிட்டது.

நான் பார்க்க விரும்பியது படிக்கட்டை அன்று, பக்கத்துத் தெருவில் உள்ள பொது நூலகத்தை. டிசம்பர் 9, சனிக்கிழமை. மயாமி-டேட் கைவிட்டபோது எண்ணாமல் மிஞ்சிய சுமார் ஒன்பதாயிரம் அட்டைகளை, உள்ளூர் நீதிபதிகள் இந்த நூலகத்தின் மேசைகளில் பரப்பிக்கொண்டு எண்ணத் தொடங்கினார்கள். பிற்பகலில் வாஷிங்டனிலிருந்து உச்ச நீதிமன்றத்தின் தடை ஆணை வந்தது, ஐந்துக்கு நான்கு. கையில் எடுத்த அட்டையை வைத்துவிட்டு எழுந்தார்கள். எண்ணும் மேசையில் உட்கார்ந்தவன் என்ற முறையில் அந்தக் கணத்தை என்னால் எளிதாக நினைத்துப் பார்க்க முடிகிறது: எண்ணிய கட்டு இடப்பக்கம், எண்ணாத கட்டு வலப்பக்கம், நடுவில் பாதிக் கட்டு, அதன் மேல் ரப்பர் பட்டை. பாதிக் கட்டை என்ன செய்வது என்று எந்தப் பயிற்சி வகுப்பிலும் சொல்லித்தர மாட்டார்கள். இன்று அங்கே குழந்தைகளுக்குக் கதை சொல்லும் நேரம். ஒரு பெண்மணி கரடி பொம்மையை வைத்துக்கொண்டு வாசித்துக்கொண்டிருந்தார். மேசைகள் எங்கே போடப்பட்டிருந்தன என்று கேட்டேன். பணியில் இருந்த இளைஞருக்கு அப்படி ஒன்று நடந்ததே தெரியவில்லை.

டிசம்பர் 12 இரவு வந்த இறுதித் தீர்ப்பு, கவுண்டிக்குக் கவுண்டி வேறு அளவுகோலில் எண்ணுவது சமச் சட்டப் பாதுகாப்புக்கு முரணானது என்றது. சீரான அளவுகோல் வகுத்து எண்ண இனி நேரமும் இல்லை என்றது. இந்த ஆய்வு இந்த வழக்கின் சூழலுக்கு மட்டுமே என்றும் சேர்த்துக்கொண்டது. மறுநாள் கோர் தோல்வியை ஏற்றுப் பேசினார். அளவுகோல் வேறுபட்டது பிழை என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் சீட்டு வேறு, கருவி வேறு, எழுத்தின் அளவு வேறு, பக்கம் வேறு என்று 67 கவுண்டியும் 67 தேர்தலை நடத்தியதை விட்டுவிட்டு, எண்ணும்போது மட்டும் சமம் கேட்டது எனக்கு முழுதாகப் புரியவில்லை.

பெரிய பத்திரிகைகள் கூடி, ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தைக் கொண்டு, தள்ளப்பட்ட 1,75,010 சீட்டுகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்து 2001 நவம்பரில் முடிவை வெளியிட்டன. அவற்றில் துளை விழாதவை சுமார் 61,000. ஒன்றுக்கு மேல் குறி விழுந்தவை சுமார் 1,13,000. கோர் கேட்டபடி நான்கு கவுண்டிகளில் எண்ணியிருந்தாலும், மாநில உச்ச நீதிமன்றம் சொன்னபடி எண்ணியிருந்தாலும் புஷ்ஷே முன்னால் நின்றிருப்பார். தள்ளப்பட்ட அனைத்தையும், இருகுறிச் சீட்டுகள் உட்பட, மாநிலம் முழுவதும் எண்ணியிருந்தால் கோர் சில பத்து முதல் நூற்றுச் சொச்சம் வாக்குகள் வரை முந்தியிருப்பார். அந்த முழு எண்ணிக்கையைக் கோரின் தரப்பு வழக்கில் கேட்கவே இல்லை. உலகம் முழுவதும் தொங்கும் துணுக்கைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அதைவிட ஏறத்தாழ இரு மடங்கு பெரிய குவியல் பெட்டிக்குள் பேசாமல் கிடந்தது.

ஆறாம் நாள்: குவின்சி, சட்டஹூச்சி

டல்லஹாசியிலிருந்து அரை மணி நேரத்தில் காட்ஸ்டன் கவுண்டியின் தலைமையிடமான குவின்சி. ஒரு காலத்தில் சுருட்டின் மேல் இலைக்காக நிழற்பந்தலில் புகையிலை வளர்த்த நாடு. கருத்த மரக் களஞ்சியங்கள் சில இன்னும் சாலையோரம் சாய்ந்து நிற்கின்றன. ஊர் வங்கியின் தலைவர் ஒருவர் சொன்ன பேச்சைக் கேட்டுக் கோக்கோ கோலா பங்குகளை வாங்கி வைத்துச் செல்வர்களான குடும்பங்களின் மாளிகைகளும் உண்டு. ஆனால் இந்த மாநிலத்திலேயே கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழும் ஒரே கவுண்டி இதுதான். ஏழைக் கவுண்டிகளில் ஒன்றும்கூட.

2000இல் மாநிலத்திலேயே செல்லாத ஓட்டு விகிதம் மிக அதிகமாக இருந்ததும் இங்கேதான்: நூற்றுக்குப் பன்னிரண்டு. பக்கத்துக் கவுண்டியான லியோனில், அதாவது நேற்று நாங்கள் தங்கிய டல்லஹாசியில், நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. இரண்டு இடத்திலும் துளையிடும் அட்டை கிடையாது. பென்சிலால் வட்டத்தை நிரப்பும் தாள்தான். வேறுபாடு, தாளைப் படிக்கும் இயந்திரம் எங்கே இருந்தது என்பதில் இருந்தது. லியோனில் இயந்திரம் வாக்குச்சாவடியிலேயே இருந்தது. இரண்டு பெயருக்கு நிரப்பியிருந்தால் அங்கேயே தாளைத் திருப்பித் தள்ளிவிடும், வாக்காளர் புதுத் தாள் வாங்கி மறுபடி போடலாம். காட்ஸ்டனில் எல்லாத் தாளையும் பெட்டியில் போட்டு, மாலையில் தலைமையிடத்துக்குக் கொண்டுவந்து படித்தார்கள். பிழை தெரியும்போது பிழை செய்தவர் வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பார். வேட்பாளர் பெயர்கள் இங்கே இரண்டு பத்தியாகப் பிரிந்திருந்ததால், பத்திக்கு ஒன்று என்று நிரப்பியவர்கள் பலர். கோர் பெயரை நிரப்பிவிட்டு, வேறு பெயர் எழுத விட்டிருந்த கோட்டிலும் அதே பெயரை எழுதியவர்கள் மாநிலத்தின் பல கவுண்டிகளிலும் இருந்தார்கள். அவர்களுடைய எண்ணத்தை அறிய உருப்பெருக்கிக் கண்ணாடி தேவைப்பட்டிருக்காது.

கறுப்பின வாக்காளரின் சீட்டு தள்ளப்படும் வாய்ப்பு மற்றவர்களுடையதைவிட ஏறத்தாழ பத்து மடங்கு என்று அமெரிக்கக் குடிமை உரிமை ஆணையம் 2001இல் கணக்கிட்டது. அந்த ஆண்டே மாநிலம் துளை அட்டைகளைத் தடை செய்தது. அதே 2001 மே மாதத்தில்தான் தமிழ்நாட்டில் எல்லாத் தொகுதியிலும் முதன்முறையாக இயந்திரத்தில் வாக்களித்தோம். முத்திரைக் கட்டையைத் திருப்பிக் கொடுக்கும் வேலை இல்லாத முதல் தேர்தல் என்று நாங்கள் ஆசிரியர்கள் மகிழ்ந்தது நினைவிருக்கிறது.

நீதிமன்றச் சதுக்கத்தில் உணவு முடித்து, பழைய நெடுஞ்சாலையில் மேற்கே போனோம். கவுண்டியின் கடைசி ஊர் சட்டஹூச்சி. அதைத் தாண்டினால் அப்பலாச்சிகோலா ஆறு. ஆற்றுக்கு இப்பால் கிழக்கு நேரம், அப்பால் மத்திய நேரம், ஒரு மணி பின்னால். 2000 நவம்பர் 7 அன்று, கிழக்கு நேரம் ஏழு ஐம்பதுக்கு, கோர் புளோரிடாவை வென்றார் என்று தொலைக்காட்சிகள் அன்றிரவின் முதல் தவறைச் செய்தபோது, ஆற்றுக்கு அப்பால் ஆறு ஐம்பதுதான். ஏழு மணிக்கு மூட வேண்டிய சாவடிகள் அங்கே திறந்தே இருந்தன. புஷ்ஷுக்குப் பலமான பகுதி அது. அந்தப் பத்து நிமிடத்தில் வண்டியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குப் போனவர்கள் எத்தனை பேர் என்று குடியரசுக் கட்சியினர் இன்றும் கேட்கிறார்கள். கேட்கத் தகுந்த கேள்விதான். போடாத ஓட்டைத் தூக்கிப் பார்க்க அட்டை கிடையாது என்பதுதான் சிக்கல்.

பாலத்துக்கு முன்னால் காரை ஓரங்கட்டச் சொன்னேன். ஆறு அகலமாக, பழுப்பாக, அவசரமில்லாமல் ஓடியது. கைபேசியில் மணி பன்னிரண்டு பதினைந்து. மெதுவாக அக்கரைக்குப் போய், அங்கேயும் நிறுத்தி, கைபேசியைப் பார்த்தேன். இன்னும் பன்னிரண்டு இருபது என்றே காட்டியது. சிறிது தூரம் போன பிறகுதான் எண் சட்டென்று மாறி, பதினொன்று இருபத்திரண்டு ஆயிற்று. "கிடைத்த ஒரு மணி நேரத்தில் என்னப்பா செய்யலாம்?" என்றாள் மகள். வண்டியைத் திருப்பு, திரும்பிப் போனால் அதையும் பிடுங்கிக்கொள்வார்கள் என்றேன்.